மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்

ஜெர்மனிக்கு வந்த புதுசில் எனக்குப் பிடிக்காத ஒரே கிழமை ஞாயிறு. நம்ம ஊர்ல ஞாயிறுன்னா கறிக்கடை வாசல்ல கூட்டம், தெருவில் கிரிக்கெட், பக்கத்து வீட்டு டிவி சத்தம். இங்கே ஞாயிற்றுக்கிழமை ஊரே மூடிக் கிடக்கும். சனிக்கிழமை பால் வாங்க மறந்தால் திங்கட்கிழமை வரை கட்டங்காப்பிதான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலி பாட்டிலைக் கொண்டுபோய்த் தெருமுனைத் தொட்டியில் போடக் கூடாது, சத்தம் வரும். வந்த முதல் மாசம் நான் பாட்டுக்கு வேக்குவம் கிளீனர் போட, கீழ்வீட்டுப் பாட்டி மாடியேறி வந்து கதவைத் தட்டி, ஒரு வார்த்தை பேசாமல் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனார். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், இந்த ஊரில் ஞாயிறு எதற்கென்று :-)

இப்போது ஆராய்ச்சியில் மூன்றாவது வருஷம். ஞாயிறுகள் பழகிவிட்டன. காலையில் அப்பாவுக்கு போன், அப்புறம் ராத்திரி வரை கம்ப்யூட்டர். கொஞ்ச நாளாக நான் எழுதிய நிரல் ஒன்று படுத்துகிறது. ஒரே கணக்கை இரண்டு வழியில் போட்டால் இரண்டு விடை வருகிறது. எங்கேயோ தப்பு இருப்பது நிச்சயம். எங்கே என்பதுதான் தெரியவில்லை. ஏழு வாரமாக இதே கதை.

என் சொந்தக் கதை அவ்வளவுதான். இன்றைக்குச் சொல்ல வந்தது ஒரு எண்ணின் கதை. அது 259 வருஷம் ஊரை ஏமாற்றிய எண், இதுதான்:

147573952589676412927

மொத்தம் 21 இலக்கம். நம் கணக்கில் சொன்னால் சுமார் 14 லட்சத்து 75 ஆயிரம் கோடி கோடி. வாயில் நுழையவில்லை என்றால் பரவாயில்லை, பிறந்த கதை எளிதுதான். சதுரங்கப் பலகையும் அரிசியும் கதை எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய் ராஜாவின் களஞ்சியத்தைக் காலி செய்கிற கதை. (அம்பலப்புழை பால்பாயசத்துக்குப் பின்னாலும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.) 64 கட்டத்துக்கும் சேர்த்து 2^64 - 1 அரிசி. பலகையில் இன்னும் மூன்று கட்டம் ஒட்டி 67 ஆக்கினால் மொத்த அரிசி 2^67 - 1. அதுதான் மேலே இருக்கிற எண்.

இந்த மாதிரி, இரண்டை அதனாலேயே பெருக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றைக் கழித்தால் வரும் எண்கள் மேல் கணக்குப் போடுகிறவர்களுக்கு ரொம்பக் காலமாக ஒரு கண். காரணம் யூக்ளிட். 2^p - 1 ஒரு பகா எண்ணாக இருந்தால், அதை 2^(p-1) ஆல் பெருக்கினால் ஒரு நிறைவெண் வரும் என்று அவர் நிரூபித்து வைத்துவிட்டுப் போனார். நிறைவெண் என்றால், தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகள் எல்லாவற்றையும் கூட்டினால் தானே வருகிற எண். 6-க்கு 1+2+3. 28-க்கு 1+2+4+7+14. இதில் மயங்காதவர்கள் குறைவு.

p பகா எண்ணாக இல்லாவிட்டால் 2^p - 1 நிச்சயம் பகா எண் ஆகாது. அப்படியானால் p பகா எண்ணாக இருந்தால் போதுமா? 3, 7, 31, 127 வரைக்கும் சரியாகவே வரும். அடுத்து p = 11. அப்போது வருவது 2047. அது 23 x 89. ஹுடால்ரிகஸ் ரேகியஸ் என்பவர் 1536-லேயே இதை எழுதிவைத்தார். அதற்கப்புறமும் பெரிய பெரிய ஆட்களே வழுக்கினார்கள். இத்தாலியின் கட்டால்டி 1588 வாக்கில் 17-ம் 19-ம் பகா எண் தரும் என்று காட்டினார், சரி. அதோடு நிறுத்தாமல் 23, 29, 31, 37 எல்லாமே தரும் என்றார். 23-ம் 37-ம் தப்பு என்று 1640-ல் ஃபெர்மா காட்டினார். 29 தப்பு என்று 1738-ல் ஆய்லர் காட்டினார். 31 மட்டும் பிழைத்தது. அது பகா எண்தான் என்று 1772-ல் ஆய்லரே முடித்துவைத்தார்.

இந்த வரிசையில் நடுவில் வருகிறவர் பாரிஸில் இருந்த துறவி மாரின் மெர்சென். ஐரோப்பாவில் யார் என்ன கணக்குப் போட்டாலும் இவருக்குக் கடிதம் போகும், இவர் அதை அடுத்தவருக்கு எழுதுவார். இன்டர்நெட் இல்லாத காலத்து மெயிலிங் லிஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1644-ல் வெளியிட்ட ஒரு புத்தகத்தின் முன்னுரையில் அவர் ஒரு பட்டியல் போட்டார். p-யின் மதிப்பு 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆக இருந்தால் 2^p - 1 பகா எண். 257 வரைக்கும் வேறு எதற்கும் கிடையாது. நிரூபணம்? ஒன்றும் இல்லை.

பட்டியலில் 67 இருக்கிறதைக் கவனியுங்கள். அதே மெர்சென்தான், 15 அல்லது 20 இலக்கம் உள்ள ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்று சோதிக்க மொத்தக் காலமும் போதாது என்ற பொருளிலும் எழுதியிருக்கிறார். நம்ம எண்ணுக்கு 21 இலக்கம். அப்புறம் எப்படி ஐயா சொன்னீர்கள் என்று கேட்க ஆள் இல்லை. எண்களுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள், இன்றைக்கும் அவை மெர்சென் எண்கள்தான். அடுத்த இருநூற்றுச் சொச்சம் வருஷம் 2^67 - 1 பகா எண் பட்டியலிலேயே சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

1876-ல் பிரான்சின் எதுவார் லூக்கா வந்தார். ஹனோய் கோபுரம் விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? மூன்று கம்பி, சின்னதும் பெரிசுமாய் வட்டுகள், ஒவ்வொன்றாக மாற்றி அடுக்கணும். கம்ப்யூட்டர் படித்த எல்லோரும் ஒரு செமஸ்டராவது அதில் மாட்டியிருப்போம். 1883-ல் அதை வெளியிட்டவர் இவர்தான். 67 வட்டு வைத்து ஆடினால் முடிக்க எத்தனை நகர்த்தல் வேணும் தெரியுமா? சரியாக நம்ம எண்ணேதான்.

லூக்கா செய்த பெரிய காரியம், ஒரு எண்ணை உடைத்துப் பார்க்காமலேயே அது உடையுமா உடையாதா என்று கண்டுபிடிக்கும் வழி. லேமர் என்பவர் 1930-ல் எளிதாக்கிய வடிவத்தில் சொல்கிறேன், காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 4-ல் ஆரம்பியுங்கள். வர்க்கம் எடுத்து 2-ஐக் கழியுங்கள். சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதிக்கும் அதையே செய்யுங்கள். 2^p - 1 ஐச் சோதிப்பதாக இருந்தால் வரிசையில் p-1 ஆவதாக வருவது சைபராக இருக்க வேண்டும். இருந்தால் பகா எண், இல்லாவிட்டால் இல்லை.

31-க்குப் போட்டுப் பார்ப்போம். அது 2^5 - 1, அதனால் நான்காவது எண்ணைப் பார்க்கணும். 4. அடுத்து 16-2 = 14. அடுத்து 196-2 = 194, 31-ஆல் வகுத்தால் மீதி 8. அடுத்து 64-2 = 62, மீதி 0. பாஸ். 2047-க்கு இதே மாதிரி போட்டால் பத்தாவது எண் 1736 என்று வரும், சைபர் இல்லை. ஆகவே 2047 பகா எண் இல்லை. ஆனால் அந்த 1736-ஐ எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அதில் 23-ம் தெரியாது, 89-ம் தெரியாது. உடையும் என்று சொல்லும். எங்கே உடையும் என்று சொல்லாது.

லூக்கா தன் முறையால் 2^127 - 1 பகா எண் என்று காட்டினார். 39 இலக்கம், கையால் போட்ட கணக்கு. அதே வருஷம் 2^67 - 1 பகா எண் இல்லை என்றும் காட்டினார். மெர்சென் சொன்னது தப்பு. ஆனால் எந்த இரண்டு எண்ணைப் பெருக்கினால் இது வரும்? லூக்காவுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. அடுத்த 27 வருஷம் அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு நாள் சந்தேகம். ஒன்று உடைந்திருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியும், ஆனால் உடைந்த இடம் தெரியாது என்றால், அது என்ன மாதிரியான அறிவு? போனில் அப்பாகிட்ட இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா வங்கியில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்குப் புஸ்தகம் எல்லாம் கையால் எழுதின காலம். நான் முடிக்கிறதுக்குள்ளேயே, "இதென்னடா பெரிய விஷயம், டேலி ஆகலை, அவ்வளவுதானே?" என்றார்.

சின்ன வயசில் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாசத்தில் சில நாள் அப்பா ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வருவார். அம்மா சோற்றை மூடி வைத்திருப்பாள். லெட்ஜர் பாலன்ஸ் எடுக்கிற நாட்கள் அவை. இந்தப் பக்கக் கூட்டலும் அந்தப் பக்கக் கூட்டலும் ஒத்துவராது. நூற்றுக்கணக்கான பக்கத்தில் எங்கேயோ ஒரு தப்பு இருக்கிறது, அது மட்டும் சத்தியம். கண்டுபிடிக்கிறவரை வீட்டுக்குப் போக முடியாது. "வித்தியாசத்தை முதல்ல 9-ஆல வகுத்துப் பார்ப்போம்டா. வகுபட்டா யாரோ இலக்கத்தை இடம் மாத்திப் போட்டிருக்கான்னு அர்த்தம். 54-ஐ 45-ன்னு எழுதினா வித்தியாசம் 9. அதை வெச்சு தேடற இடத்தைக் குறைச்சுப்போம். மத்தபடி பக்கம் பக்கமாப் புரட்ட வேண்டியதுதான்."

ஆடிப்போய்விட்டேன். தேடுகிற இடத்தைக் குறைத்துக்கொண்டு அப்புறம் புரட்டுவது. நம்ம கதையின் அடுத்த ஆள் செய்தது அதேதான்.

அவர் பெயர் ஃபிராங்க் நெல்சன் கோல். 1861-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அது போதாதென்று அமெரிக்கக் கணிதக் கழகத்துக்கு 1896-லிருந்து 1920 வரை செயலாளர். அடுத்தவர்களுடைய கூட்டத்துக்கு ஏற்பாடு செய்வது, அடுத்தவர்களுடைய கட்டுரையைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது, இதிலேயே வாரம் போய்விடுகிற மனுஷன். மிச்சம் இருந்தது ஞாயிறுதான்.

2^67 - 1 ஐ உடைக்க எங்கே தேடுவது? குருட்டாம்போக்கில் 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போக வேண்டியதில்லை. ஃபெர்மா காலத்திலிருந்தே ஒரு உதவி உண்டு. 2^67 - 1 ஐ வகுக்கிற எந்த எண்ணும் 134-இன் மடங்கோடு ஒன்று கூட்டினதாகத்தான் இருக்கும். (134 என்பது 67-இன் இரட்டிப்பு.) இன்னொன்று, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரணும். இந்த இரண்டு சல்லடையிலும் சலித்தாலே முக்கால்வாசிக்கும் மேல் கொட்டிப்போய்விடும். அப்படியும், விடை இருந்த இடம் வரைக்கும் சோதிக்க வேண்டிய பகா எண்கள் என் கணக்கில் சுமார் எண்பதாயிரம். ஒவ்வொன்றுக்கும் 21 இலக்க எண்ணை வைத்து ஒரு நீள் வகுத்தல். விடை அங்கேதான் இருக்கிறது என்பதும் முன்கூட்டியே தெரியாது. கோல் அந்த வழியில் போகாமல், இருபடி எச்சங்கள் என்ற கருவியை வைத்து இன்னும் நுணுக்கமான சல்லடைகளைச் செய்துகொண்டார். ஒவ்வொரு சல்லடையும் தேடும் இடத்தைக் கொஞ்சம் சுருக்கும். அப்புறம், அப்பா சொன்ன மாதிரி, பக்கம் பக்கமாகப் புரட்டல்.

1903 அக்டோபர் 31. நியூயார்க்கில் கணிதக் கழகத்தின் கூட்டம். பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றி கோல் ஒரு கட்டுரை வாசிப்பதாக நிரலில் இருந்தது. அப்புறம் நடந்ததாகச் சொல்லப்படுவது கணிதத்தின் பிரபலமான கதைகளில் ஒன்று. கோல் எழுந்தார். பேசவில்லை. கரும்பலகையில் 2-ஐ 67 அடுக்குவரை உயர்த்திக் கணக்கிட்டார், ஒன்றைக் கழித்தார். பலகையின் வேறொரு பக்கம் போய் இரண்டு எண்களை எழுதினார்:

193707721 x 761838257287

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வரிவரியாகப் பெருக்கினார். இரண்டு பக்கமும் ஒரே விடை. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார். அரங்கமே கைதட்டியது. யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை. ஆனால் வரலாறு என்று எழுதும்போது ஒன்று சொல்லியாக வேண்டும். இதை இந்த வடிவத்தில் உலகத்துக்குப் பரப்பியவர் எரிக் டெம்பிள் பெல், 1951-ல் வந்த தன் புத்தகத்தில். பெல் நன்றாகக் கதை சொல்லுவார், உப்புக் காரம் கொஞ்சம் தூக்கலாகவே போடுவார் என்று பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் குறைப்பட்டுக்கொண்டதுண்டு. 1903-ல் அவர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஸ்டான்ஃபோர்டில் மாணவர். கூட்டம் நடந்தது கிழக்குக் கரையில். கோல் நிஜமாகவே வாயே திறக்கவில்லையா என்பதற்கு பெல் சாட்சி இல்லை. கோல் அதே வருஷக் கடைசியில் அச்சில் வெளியிட்ட கட்டுரையில் தன் முறையை விளக்கமாகவே எழுதியிருக்கிறார். சொல்ல வார்த்தை இல்லாத ஆள் இல்லை அவர்.

ஆனால் பெல் சொன்னதில் ஒரு விஷயத்தை நம்பத் தோன்றுகிறது. அவர் பின்னாளில் கொலம்பியாவில் கோலிடமே படித்து 1912-ல் முனைவர் பட்டம் வாங்கினார். 1911-ல் நேரிலேயே கேட்டாராம், இதை உடைக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று. மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல்.

மூன்று வருஷம் என்றால் சுமார் 156 ஞாயிறு. அந்த 156-ல் கடைசி ஒன்றைத் தவிர மற்ற எதிலும் கையில் விடை கிடையாது. சனிக்கிழமை ராத்திரி இருந்ததைவிட ஞாயிறு ராத்திரி இன்னும் கொஞ்சம் இடம் "இங்கே இல்லை" என்று ஆகியிருக்கும். அவ்வளவுதான் ஒரு நாள் சம்பாத்தியம்.

அவர் சொன்னதை நாம் சரிபார்க்கலாம். மூன்று வருஷம் வேண்டாம், ஒரு மணி நேரம் போதும். போன மாசம் ஒரு ஞாயிறு என் நிரலோடு சண்டை போட்டு அலுத்துப்போய், நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அந்தப் பெருக்கலை நானே போட்டேன். சின்ன எண்ணில் ஒரு சைபர் இருப்பதால் எட்டு வரி. முதல் தடவை தப்பு. இரண்டாம் தடவையும் தப்பு. மூன்றாவதில் வந்தது. அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி இலக்கங்களைக் கூட்டியும் பார்த்தேன். முதல் எண்ணுக்குக் கூட்டுத்தொகை 37, அதைக் கூட்டினால் 10, அப்புறம் 1. இரண்டாவதுக்கு 64, அப்புறம் 10, அப்புறம் 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. விடையின் கூட்டுத்தொகை 109, அதுவும் 10, அப்புறம் 1. டேலி! (இலக்கம் இடம் மாறியிருந்தால் இந்தச் சோதனையில் மாட்டாது, ஜாக்கிரதை. அப்பா சொன்ன 9 விஷயத்தின் மறுபக்கம் அது.)

அப்புறம் இன்னொன்றும் செய்தேன், செய்திருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. எட்டே வரியில் ஒரு நிரல் எழுதி, 134-இன் மடங்கோடு ஒன்று கூட்டிக் கூட்டி வகுத்துப் பார்க்கச் சொன்னேன். 14,45,580-ஆவது மடங்கில் விடை வந்து நின்றது. ஒரு வினாடிகூட ஆகவில்லை. கோலின் மூன்று வருஷம், என் ஓட்டை லேப்டாப்பில் ஒரு வினாடி. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் அந்த ஞாயிறுகள் எல்லாம் என்ன கணக்கு? நாளைக்கு ஒரு மெஷின் வந்து என் ஏழு வாரத்தையும் ஒரு வினாடியில் செய்துவிட்டால்?

இதற்கு பதில் மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று மெர்சென் பட்டியலின் மிச்சக் கதையைப் படித்தேன். பட்டியலில் மொத்தம் ஐந்து தப்பு. அவர் சேர்த்த 67-ம் 257-ம் பகா எண் தருவதில்லை. விட்டுப்போன 61, 89, 107 தருகின்றன. 61-ஐ 1883-ல் கண்டுபிடித்தவர் ரஷ்யாவில் ஒரு பாதிரியார், இவான் பெர்வுஷின். 89-ம் 107-ம் 1911-லிருந்து 1914-க்குள் டென்வரைச் சேர்ந்த ரால்ஃப் எர்னஸ்ட் பவர்ஸ் முடித்தது. அவர் பேராசிரியரும் இல்லை, ஆர்வத்தில் கணக்குப் போட்டவர். இவர்கள் எல்லோருக்கும் பிழைப்பு வேறு, கணக்கு மிச்ச நேரத்தில். 61-ஐத்தான் மெர்செனோ அச்சுக்கோத்தவரோ 67 என்று மாற்றிப் போட்டுவிட்டார் என்று ஒரு ஊகமும் உண்டு. அப்பா இதைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தார். "ஒரு இலக்கம் தப்பா எழுதினான், இருநூத்தம்பது வருஷம் பாலன்ஸ் ஆகலை பாரு!"

257 கதை இன்னும் மோசம். அது பகு எண் என்று 1920-களில் தெரிந்துவிட்டது. முதல் காரணி கிடைத்தது 1979-ல், கம்ப்யூட்டர் எல்லாம் வந்த பிறகு. இன்னொன்று, 2^1277 - 1. 385 இலக்கம். பகா எண் இல்லை என்று எப்போதோ தெரியும். 2024 வரைக்கும் அதன் ஒரு காரணியைக்கூட யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆக, லூக்காவுக்கும் கோலுக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளி மூடப்படவே இல்லை, கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். 2002-ல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும், எந்த எண்ணும் பகா எண்ணா இல்லையா என்பதை, இலக்கம் கூடினாலும் நேரம் கட்டுக்குள் இருக்கும்படி நிச்சயமாகச் சொல்லும் வழியைக் கொடுத்தார்கள். அதுவும் காரணியைச் சொல்லாது. 1977-ல் ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மன் உருவாக்கிய ஆர்எஸ்ஏ பூட்டு இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. இரண்டு பெரிய பகா எண்ணைப் பெருக்கி விடையை ஊருக்கே காட்டு, எவனும் திரும்ப உடைக்க முடியாது என்ற நம்பிக்கை. அப்பா வேலை பார்த்த மாதிரி வங்கிகளுக்கே அது பூட்டாக வந்து சேர்ந்தது இன்னொரு வேடிக்கை.

மெர்சென் எண்களில் பகா எண் தேடும் வேலையும் நிற்கவில்லை. 2024 அக்டோபரில் லூக் டியூரான்ட் என்பவர் கண்டுபிடித்தது 2^136279841 - 1. எழுதினால் 4 கோடியே 10 லட்சத்துச் சொச்சம் இலக்கம். அதை உறுதி செய்யக் கடைசியில் ஓட்டிய சோதனைகளில் ஒன்று என்ன தெரியுமா? மேலே 31-க்குப் போட்டோமே, வர்க்கம் எடு, இரண்டைக் கழி. அதேதான்.

கோலைப் பற்றித் தேடியபோது கிடைத்த ஒரு துணுக்கு என்னை உட்கார வைத்தது. 1883-லிருந்து 1885 வரை அவர் வெளிநாட்டில் படித்த மாணவர். ஹார்வர்டின் உதவித்தொகையில் ஜெர்மனிக்கு வந்து, லைப்சிக்கில் ஃபெலிக்ஸ் கிளைனிடம் படித்தார். வந்தபோது வயசு 22. நான் இருக்கிற ஊரிலிருந்து லைப்சிக் ரயிலில் ஒரு மணி நேரம். போய்ப் பார்த்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வேறென்ன. கடையெல்லாம் மூடியிருந்தது. எங்கேயோ தேவாலய மணிச் சத்தம். இந்தத் தெருவில் அவரும் ஒரு ஞாயிறு என்ன செய்வதென்று தெரியாமல் நடந்திருப்பாரா என்று நினைத்துக்கொண்டே ஸ்டேஷனுக்குத் திரும்பினேன்.

1920-ல் அவர் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகியபோது கழகத்து ஆட்கள் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தை அவர் கழகத்துக்கே திருப்பிக் கொடுத்தார். அதிலிருந்து வந்ததுதான் கோல் பரிசு. இயற்கணிதத்துக்கும் எண் கோட்பாட்டுக்கும் இன்றைக்கும் பெரிய கௌரவம். 1926-ல் கோல் காலமானார்.

நாள்காட்டியைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். 1903 அக்டோபர் 31 ஒரு சனிக்கிழமை. அப்படியானால் மறுநாள் ஞாயிறு. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த எண் இல்லாத ஞாயிறு. அன்றைக்கு அந்த மனுஷன் என்ன செய்திருப்பார்?

என் நிரலில் இருக்கும் தப்பு இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் இந்த வாரம் அப்பாவின் வழிப்படி, விடைகளின் வித்தியாசத்தை எடுத்து அதில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. நிரலின் மூன்றில் இரண்டு பங்கை "இங்கே இல்லை" என்று தள்ளிவிட முடிந்தது. அப்பாகிட்ட சொன்னேன். "அப்போ இன்னும் ஒரு பங்கு இருக்கு, புரட்டு" என்றார்.

நாளைக்கு ஞாயிறு. கடை மூடுவதற்குள் போய்ப் பால் வாங்கணும். வரேன்.